புள்ளிகளுக்கு வளைந்த கணக்கு

ஆய்வகத்தில் அவளைக் 'கணக்கம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். துகள்களைக் கண்டறியும் சிலிக்கான் சில்லு, கதிர்வீச்சில் அடிமேல் அடி வாங்கியும் எத்தனை காலம் உழைக்கும் என்று கணினியிலேயே ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு சில்லு வடிவம் கண்டாள். தாங்கும் என்றது கணக்கு. புதிதாகக் கட்டப்போகும் பெரிய கருவிக்கு அது தேர்வாக வேண்டும். அவள் உயிர் அதில்தான் இருந்தது.

அந்த வடிவத்தில் செய்த மாதிரிச் சில்லுகளைக் கதிர்வீச்சில் வாட்டி ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள். அடிபட்ட சில்லு குளிரில்லாமல் அறைச் சூட்டில் நாள்கணக்கில் கிடந்தால் காயம் முற்றிவிடும். அவற்றை அளப்பவன் அவள் கணவன். விடுமுறை முடிந்து வந்து அளந்தான். படுமோசம்.

"கணக்கு ஆயிரம் சொல்லும்மா. அளந்ததுதான் நிஜம்" என்றார் ஆய்வகத் தலைவர்.

கட்டின புருஷன் அளந்ததைச் சந்தேகப்பட அவளுக்கு வாய் வரவில்லை. தன் கணக்கில்தான் ஓட்டை என்று நம்பி, உள்ளிருந்த எண்களைத் திருகித் திருகி, கணக்கின் கோடு அவன் அளந்த புள்ளிகள்மேல் போய் உட்காரும்வரை வளைத்தாள். தலைவர் கைதட்டினார். கட்டுரையும் வந்தது. வளைத்த கணக்கின்படி அவள் வடிவம் தேறாது. வேறு குழுவின் வடிவம் தேர்வானது. பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே விஷம் வைத்தாள், பாவி.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, "மெயின் சுவிட்சை அணைச்சிடுங்க" என்றாள்.

"வேணாம், ஃப்ரிட்ஜும் நின்னுடும். ஒரு தடவை பட்டது போதாதா?"

"எங்க பட்டீங்க?"

அவன் பெட்டியின் ஜிப்பை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"போன லீவுக்கு லேப் மெயினை அணைச்சிட்டுப் போயிட்டேன். வந்து போட்டதும் ஃப்ரீசர் மறுபடி ஜில்லுன்னு ஆயிடுச்சு. ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நெனச்சேன்."

"நான் கணக்கோட மாரடிச்சப்போ பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"சொன்னா என் வேலை போயிருக்கும்ல?"

அவள் ஊருக்குப் போகவில்லை. நேரே தலைவரிடம் போனாள்.

"ஃப்ரீசர் நின்னு போயிருந்துச்சு சார். அந்த எண்ணெல்லாம் தப்பு."

"அவங்க வடிவத்துக்கு ஆர்டர் போயாச்சும்மா. கட்டுரையால உனக்கும் பேர் வந்தாச்சு. செத்த பாம்பை ஏன் அடிக்கறே?"

வீடு திரும்பியபோது கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலைவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இனி அவள் வடிவத்துக்கு வழி உண்டா என்றும் கேட்கவில்லை.

"என் பேரைச் சொன்னியா?"

"சொல்லலை."

அவன் மூச்சு விட்டான். தட்டை இழுத்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான்.