லீவு நாள் படகு

துபாய் க்ரீக்கைக் கடக்கும் மரப்படகில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ஒரு ஜப்பானிய மர அச்சுப் படம். ஃபிரேம் போட அக்கரைக்குக் கொண்டுபோகிறேன். படத்தில் சாய்ந்து பெய்யும் மழை. மரப்பாலத்தின் மேல் குடைக்குள் குனிந்து ஓடும் மனிதர்கள். கீழே ஆற்றில் ஒரே ஒரு படகு.

பக்கத்தில் தன் ரூம்காரர்களோடு இருக்கும் முருகேசன் எட்டிப் பார்க்கிறார். பரமக்குடிக்காரர், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கிக் கட்டட வேலை பார்க்கிறாராம். பாலம் வாழ்க்கைப் பயணத்தைக் குறிக்கும், படகு நிலையாமையைக் குறிக்கும் என்று அவருக்கு விளக்குகிறேன்.

"எனக்கென்னமோ சார், பாலத்துல ஓடுறவன்லாம் டூட்டிக்குப் போற மாதிரி இருக்கு. படகுக்காரனுக்கு இன்னைக்கு லீவு" என்று சிரிக்கிறார். "எங்களையும் கம்பெனி பஸ்ஸு பாலத்து வழியாத்தான் சைட்டுக்குக் கொண்டுபோகும். லீவன்னைக்குத்தான் படகு."

"இப்ப எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல சார். அந்தக் கரைக்குப் போவோம், திரும்ப வருவோம். அம்புட்டுத்தான்."

கரை வருகிறது. முருகேசனும் அவருடைய ரூம்காரர்களும் இறங்கிய வேகத்தில், திரும்பிப் போகும் படகில் ஏறிக்கொள்கிறார்கள்.

"யல்லா சார், வாங்க!"

ஃபிரேம் கடை எங்கே ஓடிவிடப் போகிறது? படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நானும் தாவி ஏறுகிறேன். எனக்கும் இன்று லீவுதான்.