நடுவீட்டில் நிற்கும் அலுமாரி

ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் அக்காவுக்காக இன்று கேகாலையில் ஒரு புத்தக அலுமாரி வாங்கினோம். பலகைகளாகப் பெட்டியில் வரும். வீட்டில் நாமே பொருத்திப் பூட்ட வேண்டும்.

அக்கா மூன்று தட்டு போதும் என்றாள். ஐந்து தட்டுதான் கெத்து என்று அடம்பிடித்தது நான்.

பூட்டி முடித்துச் சுவரோரம் நகர்த்தினால் கூரை இடித்தது. எங்களுடையது தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே அறையுள்ள காம்பரா. கூரை நடுவில்தான் உயரம். சுவர்ப்பக்கம் சரிந்துவிடும். அலுமாரி நிமிர்ந்து நின்றது நட்டநடுவில் மட்டும்தான்.

"நடுவீட்டுல நிக்குதேடா, சாமி மாதிரி" என்றார் அம்மா.

"சூடம் கொளுத்தவாம்மா?"

அம்மா விளக்குமாற்றைத் தேடினார்.

அக்கா மட்டும் அலுமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். டீவியும் நாங்களும் இந்தப் பக்கம், அவளும் புத்தகங்களும் அந்தப் பக்கம். இத்தனை நாளும் எங்கள் சத்தத்துக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு படித்தவள்.

"ஹரி, இது இங்கயே இருக்கட்டும். இனிமே உள்ள வர்றதுன்னா தட்டிட்டு வா."

"கதவே இல்லியே, எதத் தட்ட?"

"மூணாவது தட்ட."

ஒற்றைக் காம்பராவுக்குள் அக்காவுக்கு ஓர் அறை கிடைத்துவிட்டது. இன்னும் நாலு அலுமாரி வாங்கினால் தோட்டத்துத் துரையின் பங்களாவே ஆகிவிடும்.

உங்கள் வீட்டையும் பெரிதாக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள். அளந்து பார்க்காமல் வாங்கித் தர நான் வருகிறேன்.