மாக்கிரட் அக்காவின் அடிக்குறிப்பு

கனடாவில் எப்போது பனி கொட்டவேண்டும் என்று தீர்மானிப்பது ஒட்டாவாவில் இருக்கிற வானிலைக்காரர்கள் என்று யாராவது நினைத்தால் அது பெரிய பிழை. அவர்கள் முதலில் மொன்றியலுக்குத் தொலைபேசி எடுத்து, "மாக்கிரட் அக்கா, நாளைக்குக் கொட்டலாமா?" என்று பணிவாகக் கேட்பார்கள். "சனிக்கிழமை ஒரு கலியாணம் இருக்கு, ஞாயிறு பாப்பம்" என்று அக்கா சொல்லிவிட்டால், மேகமெல்லாம் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக் காவல் நிற்கும். உலகத்தில் நடக்கிற எந்தச் செய்தியும் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள ரவி அண்ணையின் கடைக்கு வந்து, அக்காவிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் வெளியே போகும்.

இதில் கொஞ்சம் கூட்டிச் சொன்னது உண்டு. கடைசி வசனத்தில் மட்டும் அவ்வளவு கூட்டல் இல்லை.

ரவி அண்ணை என்கிற இரவிச்சந்திரனின் பலசரக்குக் கடையில் காசு வாங்கும் மேசையில் நிற்பவர்தான் மாக்கிரட் அக்கா. கதவைத் திறந்தவுடன் இடப்பக்கம் அரிசிச் சாக்குகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அதற்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அறிவித்தல் பலகை. அறை வாடகைக்கு, கட்டில் விற்பனைக்கு, பிள்ளை பார்க்க ஆள் தேவை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பூப்புனித நீராட்டு விழா, பஸ்ஸில் தவறவிட்ட ஒற்றைக் கையுறை என்று இந்தப் பகுதித் தமிழரின் வாழ்க்கை முழுவதும் அதில் குத்தியிருக்கும். யாரும் எதையும் குத்தலாம். ஆனால் அக்கா நேரில் போய்ப் பார்த்தோ நாலு பேரிடம் விசாரித்தோ, அதன் அடியில் தன் கையால் ஒரு வரி எழுதுவார். அதற்கு முன்னால் 'மா.கு.' என்று இருக்கும். மாக்கிரட் குறிப்பு.

"அறை வாடகைக்கு. வெளிச்சமானது, அமைதியானது" என்று ஒருவர் எழுதியிருப்பார். அடியில்: "மா.கு.: வெளிச்சம் சரி. கீழ்வீட்டில் மேளம் பழகுகிறார்கள்."

"கர்க்லாண்டில் பெரிய வீடு வாங்கிய குடும்பம் ஒன்று குழந்தைத் தொட்டில் இலவசமாகக் கொடுக்கிறது." அடியில்: "மா.கு.: நல்ல தொட்டில், நல்ல மனிதர்கள். முதலில் வீடு முழுவதையும் சுற்றிக் காட்டுவார்கள். பொறுமையாகப் பார்க்கவும்."

ஒருமுறை பாலாம்பிகை மாமி தன்னுடைய கட்டிலை விற்கப் போட்டார். புதிது மாதிரி என்று எழுதியிருந்தார். அக்கா அதன் கீழே, "புரண்டு படுத்தால் பக்கத்து வீடு எழும்பும்" என்று எழுதிவிட்டார். மாமி கடைக்குள் வந்து நின்று கத்தினார்.

"உப்பிடி எழுதினா ஆர் வாங்குவினம், மாக்கிரட்?"

"பக்கத்து வீட்டில ஆக்கள் இல்லாதவை வாங்குவினம், மாமி."

அன்று பின்னேரமே, இரவு வேலைக்குப் போய்ப் பகலில் படுக்கிற ஒருவர் வந்து கட்டிலை வாங்கிக்கொண்டு போனார். பகலில் பக்கத்து வீட்டில் யாரும் இல்லையாம். மாமி பிறகு அக்காவுக்கு ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கும் ஒரு குறிப்பு கிடைத்தது. உப்புக் கூடவாம்.

அக்காவுக்கு இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து கைக்குழந்தை மகனோடு வந்து இறங்கிய முதல் மார்கழியில், 'வெப்பம் உண்டு' என்ற அறிவித்தலை நம்பி ஓர் அறை எடுத்தார். வெப்பம் அறிவித்தலில் மட்டும்தான் இருந்தது. தாயும் பிள்ளையும் மேலங்கியைக் கழற்றாமல் படுத்தார்கள். அடுத்த வீட்டுக் கிரேக்கக் கிழவி ஒருத்தி, ஒரு சொல்லும் பேசாமல், தன் வீட்டு மின்கணப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். பேசியிருந்தாலும் விளங்கியிராது. அன்றைக்கு இரண்டு விஷயம் அக்காவின் மனதில் ஏறியது. அறிவித்தலில் பொய் இருக்கக்கூடாது. உதவி என்றால் ஆள் கேட்கும்வரைக்கும் காத்திருக்கக்கூடாது.

அதன்பிறகு தையல் தொழிற்சாலையில் கொலர் தைத்தார், மகனைப் படிப்பித்தார். மகன் இப்போது டொரோண்டோவில். தொழிற்சாலை மூடியபிறகு ரவி அண்ணையின் கடைக்கு வந்தார்.

இந்த இடத்தில் ஆரூரன் என்று ஒரு பொடியனைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. "தொலைந்துவிட்டது: ரவி அண்ணையின் தலைமயிர். கண்டெடுத்தவர்கள் கடையில் ஒப்படைக்கவும்" என்று பலகையில் குத்தியவன் அவன்தான். ரவி அண்ணை கிழிக்கப் போனார். அக்கா தடுத்து, "மா.கு.: செய்தி உண்மை. மரியாதை போதாது" என்று எழுதி ஒரு கிழமை தொங்கவிட்டார். அவனைப் பள்ளிக்கூடத்தால் இரண்டு கிழமை நிறுத்தியபோது, வீட்டுக்குச் சொல்லாமல் பகல் முழுக்கக் கடையைச் சுற்றித்தான் திரிந்தான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ரோல்ஸைக் கையில் கொடுத்து, "சாப்பிடு. சாப்பிட்டுப்போட்டு அம்மாவுக்கு நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா ரெண்டு அடி கூட விழும்" என்றார். அவன் போய்ச் சொன்னான். அடி அவ்வளவு விழவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மொன்றியலில் வீட்டு ஒப்பந்தம் எல்லாம் ஜூன் கடைசியோடு முடியும். ஜூலை முதலாம் தேதி பாதி நகரம் மற்றப் பாதியின் வீட்டுக்குள் குடிபோகும். அன்றைக்குச் சாமான் ஏற்ற ஒரு வாடகை வான் கிடைப்பது கல்லில் நார் உரிப்பது மாதிரி. ஆகவே வைகாசி பிறந்தவுடனேயே, யாரிடம் வான் இருக்கிறது, யாருக்கு எந்த நேரம் வேண்டும் என்று பலகையில் அக்கா பிரித்துப் போட்டுவிடுவார்.

2005இல் அக்காவுக்கும் வீடு மாற வேண்டியிருந்தது. அவர் இருந்தது மேல்மாடி. வெளிப்பக்கம் வளைந்து வளைந்து ஏறுகிற இரும்புப் படி. முழங்கால் அந்தப் படியோடு கோபித்துக்கொண்டு இரண்டு வருஷம். இரண்டு தெரு தள்ளி, படியே இல்லாத ஒரு கீழ்வீடு ஒருவாறு கிடைத்திருந்தது. முதலாம் தேதி மத்தியானம் பழைய வீட்டுக்குப் புது ஆட்கள் சாமானோடு வந்துவிடுவார்கள். அதற்குள் எல்லாவற்றையும் இறக்கியாகவேண்டும். அக்கா யாருக்கும் சொல்லவில்லை. மகனுக்குச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான். ஊருக்குச் சொன்னால், வான் பங்கு போடுகிறவள் தனக்கு முதலில் போட்டுக்கொண்டாள் என்று கதை வரும். எல்லோருக்கும் கொடுத்து முடிந்து மிஞ்சிய ஒன்றை, துறைமுகத்தில் லொறி ஓட்டுகிற நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் வானை, "ஒருத்திக்கு" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

ஜூன் நடுவில் ஒரு செவ்வாய் மத்தியானம். ரவி அண்ணை சாப்பிடப் போயிருந்தார். கடையில் வேறு ஒருவரும் இல்லை. சென்னைக்காரர் நிர்மலும் அவர் மனைவி ஹர்ஷினியும் உள்ளே வந்தார்கள். நிர்மலுக்கு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாயக் கல்லூரியில் படிப்புக் கிடைத்திருந்தது.

"அக்கா, ஒண்ணாம் தேதிக்கு ஒரு வேன் கிடைக்குமா? சென்ட்-ஆன் வரைக்கும் போகணும்."

"உது மொன்றியல் தீவின்ர மற்ற முனையெல்லோ, தம்பி. ஏன் இவ்வளவு பிந்தி வாறீங்கள்?"

"ஒருத்தர் வர்றேன்னு சொல்லியிருந்தாருக்கா. நேத்து முடியாதுன்னுட்டாரு. இங்க வேற யாரையும் தெரியாது."

"பஸ்லயே ரெண்டு மூணு தடவை போய்ட்டு வந்துடலாம்னு சொல்றாருக்கா," என்றாள் ஹர்ஷினி. "மெத்தையை நான் தலையில வச்சுக்கணுமாம்."

சிரித்தாள். ஆனால் கை வயிற்றைப் பிடித்திருந்தது. ஏழு மாதம் இருக்கும்.

அக்கா அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"நீக்கிலாப்பிள்ளை அண்ணையின்ர வான் இருக்கு. காலமை உங்கட வாசல்ல வந்து நிற்கும். நீர் ஒண்டும் தூக்காதையும், பிள்ளை. முன்சீட்டில ஏறி இரும்."

"நிஜமாவாக்கா? வேற யாருக்கும் சொல்லி வைக்கலையே?"

"ஒருத்தி சொல்லி வச்சவதான். அவவுக்கு இப்ப தேவையில்லையாம்."

அவர்கள் நன்றி சொல்லிச் சொல்லிப் போனார்கள். கதவு மூடியபிறகு அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு தனக்குத்தானே, "சரி மாக்கிரட், உன்ர கட்டிலை இனி நீ தலையில வச்சுக்கொண்டு போ" என்றார்.

அடுத்த கிழமை, மாக்கிரட் அக்காவின் பலகையைத் தவிர, மற்ற எல்லா இடத்திலும் ஓர் அறிவித்தல் முளைத்தது. அடுக்குமாடிகளின் உடுப்புத் துவைக்கும் அறை, பஸ் தரிப்பு, அக்கா போகாத தேவாலயப் பின்வாசல், இந்துக்கோயிலில் செருப்பு வைக்கும் தட்டு, பொடியங்கள் கிரிக்கெட் விளையாடுகிற பார்க்கில் உள்ள மரம். அதில் இப்படி இருந்தது:

"ஜூலை முதலாம் தேதி மத்தியானம் மாக்கிரட் அக்காவின் புது வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும். எல்லோரும் வரவும். வருகிற வழியில் பழைய வீட்டு வாசலில் நிறுத்தி, உங்கள் வானில் கிடைக்கிற மூலையில் அக்காவின் சாமான் ஒன்றை ஏற்றி வரவும். வான் இல்லாதவர்கள் கையைக் கொண்டு வரவும். மா.கு.: சட்டி பழைய வீட்டில் இருக்கிறது. அது வராமல் கறி வராது."

யார் ஒட்டியது என்று இன்றுவரை தெரியாது. சிலர் ஆரூரனைச் சந்தேகப்பட்டார்கள். அது அநியாயம். மா.கு. இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள், அவ்வளவுதான். அக்காவிடம் போய்க் கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மா.கு. போட்டதை யார் சரிபார்ப்பது?

முதலாம் தேதி காலை அக்கா தனியே தொடங்கினார். ஒரு தலையணை மூட்டையைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு மேலே ஏறும்போது நடுப்படியில் முழங்கால் நின்றுவிட்டது. அங்கேயே இருந்தார். மேலே கட்டில், அலமாரி, தெருவில் பாதிப் பேரின் மீனை வைத்திருக்கிற பெரிய குளிர்பெட்டி. எப்படியும் மத்தியானத்துக்குள் முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

அப்போது கீழே ஒரு வான் வந்து ஹோர்ன் அடித்தது. மெத்தைகளுக்கு நடுவிலிருந்து பாலாம்பிகை மாமி தலையை நீட்டினார்.

"மாக்கிரட், சட்டி எங்க?"

"என்ன சட்டி, மாமி?"

"கறிச் சட்டியடி! அது வராமல் கறி வராதெண்டு நீதானே எழுதிப் போட்டனீ?"

அக்கா வாயைத் திறக்கமுன் அடுத்த வான் வந்தது. பிறகு இன்னொன்று. எல்லாம் அவரே நேரம் பிரித்துக் கொடுத்த வான்கள். ஒன்றும் வெறுமையாக வரவில்லை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் குடும்பம் நிரம்பியிருந்தது. ஆனாலும் கதிரை ஒருவரின் சோபாவுக்கு மேலே ஏறியது. மாதா படம் இன்னொருவரின் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போனது. அலமாரிக் கதவு ஒரு வானிலும் அலமாரி வேறொரு வானிலும் போயின. கிரிக்கெட் பொடியங்கள் குளிர்பெட்டிக்குக் கயிறு போட்டுப் படி வழியாக இறக்கினார்கள். கீழே நின்று ரவி அண்ணை கட்டளை போட்டார்.

"வலப்பக்கம் சரி! டேய், உங்கட வலம் இல்லையடா, என்ர வலம்!"

"அண்ணை, நீங்கள் முதல்ல விலகுங்கோ. விழுந்தா ரெண்டு பக்கமும் நீங்கள்தான்."

புது ஆட்கள் வந்தபோது வீடு கூட்டித் துடைத்து வெறுமையாக இருந்தது.

குளிர்பெட்டியை நிறுத்தியதால் அதில் இருந்த ஆட்டிறைச்சி இளகத் தொடங்கியிருந்தது. ஆகவே கறி வைக்காமல் தப்ப வழியில்லை. படியில்லாத அந்தக் கீழ்வீட்டுக் குசினியில், யாரோ வெங்காயம் வெட்ட, யாரோ மா குழைக்க, அக்கா அடுப்படியில் நின்று, "ஆர் உந்த வேலை பாத்தது? சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். அவர் குரலில் கோபம் இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது.

பின்னேரம் நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் வான் வந்தது. சென்ட்-ஆனில் சாமானை இறக்கிவிட்டு நிர்மலும் ஹர்ஷினியும் அதே வானில் திரும்பி வந்திருந்தார்கள்.

"அந்த 'ஒருத்தி' நீங்கதானாக்கா?" என்றார் நிர்மல் வாசலில் நின்றபடியே.

"கறி ஆறுது தம்பி, வந்து இரும். பிள்ளைக்கு அந்தக் கதிரையைக் குடுங்கோ."

அடுத்த கிழமை பலகையில் அக்காவின் அறிவித்தல்கள்தான். "என் வீட்டில் யாருடையதோ ஒரு தொட்டில், ஒரு கிரிக்கெட் மட்டை, ஒரு கலியாணப் படம். மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறார். என் அலமாரிக் கதவு யாரிடம்?" எல்லாம் அவரவரிடம் திரும்பிப் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா தனக்காகப் போட்ட முதல் குறிப்பு அதுதான்.

"எல்லோருக்கும் நன்றி. பெயர் எழுதினால் ஒருவரை விட்டுவிடுவேன், விடுபட்டவர் கடைப்பக்கம் வரமாட்டார். மா.கு.: நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. நீங்கள் வந்தீர்கள்."

அந்தத் தாளின் மூலை இப்போது மஞ்சளாகிவிட்டது. அதைக் கழற்ற ரவி அண்ணை இன்னும் விடவில்லை. அக்காவைப் பற்றி யாராவது நாலு வரி எழுதி அதற்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று தோன்றியதால் இது எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் முக்கியமில்லை. ஆரூரனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மா.கு.: பனி விஷயம் பொய். மற்றவை பெரும்பாலும் சரி. நிர்மல் தம்பி வந்த மத்தியானம் கடையில் வேறு ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் நான் எனக்குச் சொன்னது, இதை எழுதியவருக்கு எப்படிக் கேட்டது? அரிசிச் சாக்குக்குப் பின்னால் அன்றைக்குச் சப்பாத்துப் போட்ட இரண்டு கால் தெரிந்தது. பள்ளிக்கூட நேரம் என்றபடியால் நான் காணாததுபோல் நின்றேன். சப்பாத்துக்காரர் ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரவும். வானும் கயிறும் வேண்டாம்.