கண் மஞ்சளாகாத குழந்தைகள்

போன மாதம் ஆம்பூரிலிருந்து தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள். கண்ணாடியில் தன் கண்ணைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் வேலூரிலிருந்து பஸ் ஏறினேன். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். ஷூ கம்பெனியில் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்ப்பவள், கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தாள். மூன்று வயது மகள் இவா மட்டும் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள்.

ரத்தப் பரிசோதனை ஹெபடைடிஸ் ஏ என்றது, மஞ்சள் காமாலையில் ஒரு வகை. எங்கிருந்து வந்தது? வீட்டில் காய்ச்சிய தண்ணீர்தான். வெளியே ஒரு டீகூடக் குடிக்கமாட்டாள். கணவருக்கும் ஒன்றுமில்லை.

டாக்டரம்மாவின் பார்வை என் மடியிலிருந்த இவா மேல் நின்றது. பாப்பாவுக்கும் ரத்தம் எடுத்துவிடலாம் என்றார்.

"அவளுக்கு இன்னா டாக்டர்? ஜுரம்கூட வரலயே" என்றாள் ஸ்டெல்லா.

ரிசல்ட் வந்தது. இவாவுக்கும் இருந்திருக்கிறது... அம்மாவுக்கு முன்பே. அவள் சாப்பிட்டு, ஆடி, சிரித்த நாட்களில் அது சத்தமில்லாமல் அவளுக்குள் குடியிருந்திருக்கிறது. தினமும் அவளைக் கழுவிவிட்ட தன் கைகளையே ஸ்டெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னக் குழந்தைகளுக்கு இது ரொம்ப சகஜமாம். பெரும்பாலும் கண் மஞ்சளாகாது. காய்ச்சல்கூட இல்லாமல் வந்து போய்விடும். ஆனால் மலத்தின் வழியே அடுத்தவருக்குத் தொற்றுமாம். பெரியவர்களைத்தான் படுக்கையில் தள்ளுமாம்.

விஷயத்தைச் சொல்ல இவாவின் ப்ளே ஸ்கூலுக்குப் போனேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரு பிள்ளைகூட லீவு போடவில்லை என்றார் டீச்சர். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"பசங்கள பாத்ரூமுக்குக் கூட்டினு போற ஆயாம்மாதான் வர்றதில்ல. மஞ்சக் காமாலையாம்."

நான் வகுப்பறைப் பக்கம் திரும்பினேன்.

உள்ளே பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கண்களும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. இதில் யாருக்குள் இருக்கிறது? யாரைத் தாண்டிப் போய்விட்டது? முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒரு குட்டிப் பெண் ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. உதறவும் மனசு வரவில்லை — பிடித்திருக்கவும் முடியவில்லை.

அன்றே பள்ளியில் குழாயடியில் சோப்பு வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். ஸ்டெல்லாவின் கணவர் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அவளுக்கு இப்போதுதான் சோறு இறங்குகிறது. சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

நேற்று எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், தன் குழந்தைக்கு இதுவரை ஒரு நோயும் வந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னாள். நான் தலையாட்டி வைத்தேன்.

வந்து போயிருந்தால்... அவளுக்கு எப்படித் தெரியும்?