போர்தோ மருந்துக்குப் பத்தியம்

சிவப்பு ஒயின் என்று யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். என்னைத் தெரிந்தவர்கள் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் செங்கோட்டையில் மரக் காண்டிராக்ட் எடுத்தவர். மலைமேல் எஸ்டேட் துரைமாரோடு பழக்கம். அவர் வீடும் சரி, என் பிறந்த வீடும் சரி, சுத்த சைவம். ஒரு வருஷம் சாரல் தொடங்கும் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, எனக்கு ரத்தம் சுண்டிக்கிட்டு வருதாம். துரையோட டாக்டர் சொல்லுதாரு. பிரான்சுல போர்தோன்னு ஒரு ஊரு. ரெண்டு ஆறு கூடிக் கடலுக்குப் போற சீமை. அங்கன சரள் மண்ணுல வெளையுத திராட்சையில ஒரு மருந்து செய்யுதான். அதக் குடிச்சா ரத்தம் ஊறுமாம்."

எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மருந்து என்றால் பத்தியம் உண்டே. அதையும் சொன்னார். புட்டியை வெக்கையில் வைக்கக் கூடாது. குற்றாலத்துக் குளிர்காற்றில்தான் உடம்பில் பிடிக்கும். குடிக்குமுன் மூடியைத் திறந்து காற்றாட விட வேண்டும். புளி ஆகாது, மிளகாய் ஆகாது, மீன் ஆகாது. பிறகு என்னத்தைத்தான் சாப்பிடுவது என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆட்டுக்கறி. நல்ல மிளகு மட்டும் போட்டு, மெதுவா வேகவச்சு," என்றார்.

குற்றாலத்தில் சாரலுக்கு வீடு பிடித்தோம். கொல்லையில் தனி அடுப்பு போட்டேன். தேக்கிலையில் பொதிந்து அவரே கறி வாங்கி வருவார். முதல் நாள் கழுவும்போது குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தேன். சேலைத் தலைப்பை மூக்கோடு கட்டிக்கொண்டு சமைத்தேன். முடித்ததும் அருவியில் போய் நின்று, இந்த மனுஷனைக் காப்பாற்று என்று கும்பிடுவேன். ஆனால் பக்கத்திலேயே இருந்த கோயிலுக்குள் போகவில்லை. கறி தொட்ட கை. தென்காசியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் விசுவநாதர் சன்னதிக்குப் போகவில்லை. மார்கழியில் ஊரே போகும். நான் தலைவலி என்று படுத்துக்கொள்வேன். அவர் மட்டும் திருநீறு பூசிக்கொண்டு போய்வருவார். அடுத்த சாரலிலும் இதே கூத்துதான்.

அதற்கடுத்த சாரலில் உலகச் சண்டை முற்றிப் பிரான்சுக் கப்பல்கள் நின்றுபோயின. கையில் கடைசியாக ஒரே ஒரு புட்டி. அதுவும் தீர்ந்தால் இவர் கதி என்ன? அவரிடம் சொல்லாமல், ஒரு காலிப் புட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு, வண்டியேறித் தென்காசிப் பெரிய டாக்டரிடம் போனேன். இதே மருந்து வேறெங்காவது கிடைக்குமா, என் நகையைக்கூடக் கழற்றித் தருகிறேன் என்றேன்.

டாக்டர் முகர்ந்து பார்த்தார். லேபிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவே சங்கடப்பட்டார்.

"தாயீ, இது மருந்து இல்ல. ஒயின். துரைமாரு சாப்பாட்டோட குடிக்கது. ஆட்டுக்கறியோ பாலாடைக்கட்டியோ தோதா இருக்கும்பாங்க."

"அப்போ ரத்தம்?"

"ஒங்க வீட்டுக்காரரப் போன மாசம்தான் பாத்தேன். கல்லு மாதிரி இருக்காரு."

வண்டியில் திரும்பும்போது அழுகைகூட வரவில்லை. மிளகாய் ஆகாது, மிளகாய் ஆகாது என்று சொல்லியே என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்! குடித்தது போகட்டும். பாலாடைக்கட்டியோடும் குடிக்கலாமாம், அதை ஏன் சொல்லவில்லை? நாக்கு ருசிக்காக என்னை அந்த அடுப்பின் முன்னால் உட்கார வைத்து, என் சாமியை என்னிடமிருந்து பிடுங்கினாரே, பாவி மனுஷன்!

வந்ததும் கொல்லை அடுப்பை இடித்தேன். புளியைக் கெட்டியாகக் கரைத்து, வத்தல் மிளகாயை அள்ளிப் போட்டு ஒரு குழம்பு வைத்தேன். கடைசிப் புட்டியைத் திறந்து, அவர் சொன்னபடியே காற்றாட விட்டு, தம்ளரில் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு கவளம், ஒரு மடக்கு. முகம் கோணிற்று.

"கறி எங்கட்டி? பத்தியம் முறிஞ்சு போகும்லா!"

"தென்காசி டாக்டரப் பாத்துட்டு வந்தேன்," என்றேன்.

கை இலையிலேயே நின்றது. "வேற எப்படிச் சொல்லியிருந்தா நீ சமைச்சிருப்பே?" என்றார். மன்னிப்பு இல்லை, ஒன்றுமில்லை. கேள்வி கேட்டார்!

அன்று சாயங்காலமே அருவியில் குளித்துவிட்டு, ஈரச் சேலையோடு கோயிலுக்குப் போனேன். சன்னதிக்கு முன்னால் கும்பிடக் கையைத் தூக்கினேன். மிளகும் கறியும் மணத்தன. கும்பிடாமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தார்.