முன்னாடி என்ன வருது

என் மகன் வீட்டு வாசலில் சில நாளாக ஒரு பழைய பைக் சாய்ந்து கிடக்கிறது. டோல்கேட் பக்கம் பள்ளத்தில் விட்டு இரண்டு சக்கரமும் கோணிவிட்டதாம். ரிப்பேர் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்கிறான் மகன். வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்கிறான் துவாக்குடியில் படிக்கிற பேரன். காலையில் காபியோடு ஆரம்பித்தால் ராத்திரி வரை இதே பேச்சு. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். சக்கரம் எப்படிக் கோணியது என்று முதலில் விசாரியுங்கள். எனக்கு அந்தச் சந்தேகம் எட்டு வயதிலேயே வந்துவிட்டது.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அடையவளைஞ்சான் தெருவில் இருந்தோம். அந்தத் தெருவில் மோட்டார் சைக்கிள் நின்ற வாசல் எங்களுடையது ஒன்றுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். அப்பா நெல் தரகர். மண்ணச்சநல்லூர் மில்காரர்களுக்கு நெல் பிடித்துக் கொடுப்பார். மற்ற தரகர்கள் சைக்கிளை மிதித்து வியர்த்து வழிந்து போய் நிற்க, அப்பா டபடபவென்று போய் இறங்குவார். மில் முதலாளிகள் எழுந்தே வந்துவிடுவார்களாம். இது அப்பா சொன்னது.

பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் தூக்கி பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொள்வார். போகும்போது சும்மா போவோம். திரும்பி வரும்போது, இருட்ட ஆரம்பித்ததும் எங்கள் விளையாட்டு தொடங்கும்.

"முன்னாடி என்ன வருது, சொல்லு பாப்போம்."

"சைக்கிள். ரெண்டு பேர் போறாங்க. நாய். இடது பக்கம் பள்ளம்."

"என் சிங்கம்."

நான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் அப்பா வண்டியை மெதுவாக்கிவிடுவார். விளையாட்டில் அவ்வளவு ஆசை அவருக்கு என்று நினைத்துக்கொள்வேன். அந்த டேங்க் மேல் உட்கார்ந்து தெருவுக்குள் வரும்போது, உள்ளூர் ராணி ஒருத்தி இருந்தால் அவளும் எனக்கு வழிவிட்டிருக்க வேண்டும்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் கொள்ளிடம் பாலத்தில் விளக்கு இல்லாத ஒரு வைக்கோல் வண்டி போனது. நான் "வைக்கோல்" என்று சொல்லி முடிப்பதற்குள் வைக்கோல் என் முகத்தில் உரசிவிட்டது. அப்பா வண்டியை ஓரங்கட்டி வெகுநேரம் நின்றார். எனக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மறுநாள் சித்ரான்னத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"தினம் இப்படித்தான் விளையாடுவீங்களா?"

"இருட்டினா மட்டும்" என்றேன்.

மறுநாள் தெருவே அம்மா மண்டபம் படித்துறைக்குப் புறப்பட்டது. காவேரி கரை கொள்ளாமல் போகிற நாள். பெண்கள் ஆற்றில் விளக்கு விட்டு, புருஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டி மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிற நாள். ஒவ்வொரு வருடமும் முதல் ஆளாக நிற்கிற அம்மா அன்றைக்குக் கட்டுச்சோற்றை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "கால்ல முள்ளு ஏறிடுச்சுங்க, நடக்க முடியலை, நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

அப்பா, நான், மாமா போனோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெரிய கடை வீதியில் துணிக்கடையில் வேலை, சாப்பாடு எங்கள் வீட்டில். நடுவில் மாமா கொஞ்ச நேரம் காணாமல் போனார்.

நாங்கள் திரும்பி வந்து பார்த்தால், வாசலில் நின்ற வண்டியின் இரண்டு சக்கரமும் நசுங்கிப்போயிருந்தன. ஸ்போக்ஸ் கம்பிகள் புயலில் சாய்ந்த வாழைத்தோப்பு மாதிரி கிடந்தன. தள்ளக்கூட முடியவில்லை.

அம்மா கொல்லையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம், சத்தம் எதுவும் கேட்கவில்லையாம்.

அப்பா முதலில் எதிர்வீட்டு மாட்டுக்காரரிடம் போனார். வண்டிச் சத்தத்தில் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்கிறது என்று அவர் வெகுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"இனிமே உங்க மாட்டுக்குப் பால் நல்லாச் சுரக்குமே."

"என்னங்க பேசுறீங்க. மாடு வந்து சக்கரத்த மிதிச்சுதுங்கிறீங்களா?"

"மாடு மிதிச்சுதுன்னு நான் சொல்லலையே."

அதோடு அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. அப்புறம் மாமாவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"வித்துடுங்க அத்தான். வையம்பட்டியில ஒருத்தர் பழைய வண்டி கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அதுக்குள்ள ஆளு தயாரா மாப்ளே? அது சரி, ஆத்தங்கரையில நீ எங்க காணாமப் போனே?"

"புள்ளைக்கு ஐஸ் வாங்கப் போனேன்."

"ஐஸ் எங்க?"

"கரைஞ்சு போச்சு அத்தான்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஐஸ் கரையும்தான், ஆனால் குச்சி எங்கே? அன்றிலிருந்து மாமா எங்கே போனாலும் பின்னாலேயே போனேன். தாழ்ப்பாள் போட்டுக் குளித்தால் வெளியே நின்றேன். வண்டியை விற்றால் டேங்க் போய்விடும், டேங்க் போனால் நானும் சாதாரணமாகிவிடுவேன். அம்மா ஒருநாள் வலது காலை நொண்டினாள், மறுநாள் இடது காலை நொண்டினாள். கண்ணில் பட்டதுதான். முள் இடம் மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மாமாவைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

அப்பா ரிப்பேர்தான் என்று முடிவு செய்தார். பாலக்கரையில் தெரிந்த ஒர்க்‌ஷாப் இருந்தது. உருளாத வண்டியை எப்படிக் கொண்டுபோவது? மாமாவையும் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஏற்றினோம். அதுவும் எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க. ஏற்றும்போது சாக்கடை ஓரத்தில், வண்டி நின்ற இடத்தில், ஒரு கனமான இரும்பு வளையம் கிடந்தது. சக்கரத்திலிருந்து கழன்ற சாமான் என்று எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டேன். அதை மாமா கையில் கொடுக்கிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை.

காவேரிப் பாலத்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் மாட்டு வண்டியில் சவாரி போகிற மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒர்க்‌ஷாப்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எங்களைச் சுற்றி வந்தார்.

"வண்டி உங்களதுதானுங்களே?"

"என்னய்யா கேள்வி இது. விழுந்துடுச்சு."

"விழுந்தா ஒரு பக்கம்தாங்க நெளியும். இது நின்ன வாக்குல யாரோ நிதானமா அடிச்சிருக்காங்க." பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, எனக்கென்ன. ரெண்டு ரிம்மும் மாத்தினா ஓடும்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. முடிச்சை அவிழ்த்து வளையத்தை நீட்டினேன். "இதையும் சேத்து மாட்டிடுங்க."

அவர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, இது வண்டிச் சாமான் இல்ல. உலக்கைப் பூண்."

தினம் பார்க்கிற பொருள்தான், ஆனால் உலக்கையோடு பார்த்திருக்கிறேனே தவிர தனியாகப் பார்த்ததில்லை. அப்பா அதை வாங்கித் திருப்பினார். உள்பக்கம் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. மோந்து பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "எதிர்வீட்டு உலக்கைப்பா. அவங்க வீட்டுலதான் அன்னைக்கு மஞ்சள் இடிச்சாங்க" என்றேன். எங்கள் வீட்டிலும் இடித்தார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"சும்மா இரும்மா" என்றார் அப்பா. பூணைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் வண்டியின் டேங்க்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ளே, அந்த வையம்பட்டிக்காரர் இன்னும் கேக்குறாரா?"

"கேக்குறாரு அத்தான்."

"வரச் சொல்லு."

அதோடு விட்டாரா? மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார், வடை வேறு. மாமா ஏதோ சொல்லி அப்பாவை மயக்கிவிட்டார் என்று நான் என் வடையைத் தொடவில்லை. பிறகு பசித்ததால் தொட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகச் சமையலறை மூலைக்குப் போனார். எங்கள் உலக்கை அங்கே தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. முற்றத்துக்கு எடுத்து வந்து, மூங்கில் சிம்பு செருகி, பூணை மாட்டி, கல்லில் தட்டி இறுக்கினார். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பூண் லூசா இருந்திருக்கு" என்றார் அப்பா.

"வண்டி?"

"குடுத்துடலாம்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் உலக்கையிலும் பூண் இல்லாமல் இருந்ததா, அப்படியானால் எதிர்வீட்டுக்காரர் எங்கள் உலக்கையைத் திருடியா அடித்தார் என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா கொஞ்சமும் நொண்டாமல், மஞ்சளும் கயிறும் தட்டில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் புறப்பட்டாள். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "ஆடிப் பதினெட்டு முடிஞ்சுபோச்சே, இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"ஆத்துல தண்ணி ஓடுதுல்ல" என்றாள் அம்மா.

அப்புறம் அப்பா மண்ணச்சநல்லூருக்குப் பஸ்ஸில் போனார். மில் முதலாளிகள் எழுந்து வந்தார்களா என்று தெரியாது. அப்பா அதைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். திரும்பும்போது இருட்டிவிட்டது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறும்போது அப்பா என் தோளில் கை வைத்தார்.

"முன்னாடி என்ன வருது, சொல்லு பாப்போம்."

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. "அதான் டிரைவர் பாக்குறாரே" என்றேன்.

"பாக்கட்டும். நீ சொல்லு."

"லாரி. சைக்கிள். ஒரு வைக்கோல் வண்டி." வைக்கோல் வண்டி என்றதும் அப்பா சிரித்தார். அதுவரை அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வண்டியை விற்றுவிட்டு இவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இருட்டில் அப்பாவுக்குக் கண் தெரியாது என்பதும், அதுவரை நாங்கள் விளையாடவே இல்லை, அன்றைக்குத்தான் விளையாடினோம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.