கைக்காசு மீன்காரன்

எண்பதுகளின் நடுவில், ஜெராம் படகுத்துறையில் எனக்கு நடந்தது இது. பிள்ளைகளே, அப்போது உங்களில் மூத்தவள் ஒன்றாம் வகுப்பு. சின்னவன் அம்மா இடுப்பில். அப்பா மோட்டார் சைக்கிளில் மீன் விற்றது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு லோரி இருந்தது, அது உங்களுக்குத் தெரியாது.

தோட்டத்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகிற லோரி. கடனில் எடுத்தது. குலை ஏற்றும் வேலை கைவிட்டுப் போனதும் மாதத் தவணை கட்ட முடியவில்லை. லோரியை இழுத்துக்கொண்டு போய் விற்றார்கள். அப்படியும் கடன் தீரவில்லை. கோர்ட்டில் என்னைத் திவால் ஆனவன் என்று அறிவித்துவிட்டார்கள்.

பேங்கில் இனி ஒரு வெள்ளி பணம் கடனாகக் கிடைக்காது என்பதுகூட எனக்குப் பெரிசாகப் படவில்லை. கல்யாண வீட்டில் நான் போய் உட்கார்ந்தால் சொந்தக்காரர்கள் பேச்சை மாற்றுவார்கள். இவன் எங்கே கடன் கேட்டுவிடுவானோ என்ற பயம். அதைத்தான் தாங்க முடியவில்லை. இனி செத்தாலும் யாரிடமும் கடன் சொல்வதில்லை என்று அன்றைக்கே மனசில் வைத்துக்கொண்டேன்.

மச்சான் கொடுத்த பழைய மோட்டாரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, ஐஸ் போட்டு, மீன் வியாபாரத்தில் இறங்கினேன். ஜெராமில் மீன் எடுத்து, தோட்டம் தோட்டமாகப் போய் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் விற்பேன். துறையில் மீன் நிறுத்துக் கொடுத்தவர் ஒரு சீன அம்மா. என் வயசுதான் இருக்கும். தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே வரும். தவுக்கே, அதாவது முதலாளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

மற்ற மீன்காரர்கள் மீனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, "தவுக்கே, பெசோக்!" என்று கத்திவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று அர்த்தம். அவரும் தலையைத் தூக்காமலே, "பெசோக் லா, போ போ" என்பார். நான் மட்டும் காசை முதலில் தராசுத் தட்டில் வைத்துவிட்டுத்தான் மீனைக் கேட்பேன்.

"வழி விடுங்கடா, முதலாளி கைக்காசோட வந்துட்டாரு!" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் அந்த "பெசோக் லா" என்ற ஒரு சொல்லை யாராவது என்னைப் பார்த்துச் சொல்லமாட்டார்களா என்று எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? லயத்துப் பெண்கள் என்னிடம், "அண்ணே, சம்பளத்துல தர்றேன்" என்று சொல்லி மீன் வாங்குவார்கள். நானும் கொடுப்பேன். எல்லோருக்கும் கடன் கொடுக்கிறேன், எனக்குக் கடன் கொடுக்கத்தான் ஆள் இல்லை என்று மோட்டாரில் போகும்போது நினைத்துக்கொள்வேன்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கையில் இருக்கிற காசுக்கு விலை மலிவான கெம்போங் மீன்தான் வரும். சம்பள நாளில் தோட்டத்தில் எல்லோரும் இறால் கேட்பார்கள். ஒரு சம்பளத்துக்கு முந்தின நாள், வழக்கமாக என்னிடம் வாங்கும் ஒரு பெண் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு எங்க லயத்துக்கு வர வேணாண்ணே. இன்னொருத்தரு இறால் கொண்டாறாராம்." ஒரு லயம் போனால் அடுத்த லயமும் போகும். வியாபாரமும் போனால் உங்களை என்ன வைத்துக் காப்பாற்றுவேன்?

மறுநாள் காலையில் இறால் கூடைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

"ஆனே! இறால் வேணாமா?" என்றார் தவுக்கே. அண்ணே என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"காசு பத்தாது தவுக்கே."

"காசு நான் கேட்டேனா?"

மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "நான் பேங்க்ரப்ட் ஆன ஆளு, தவுக்கே."

"தெரியும் லா. ஜெராம் முழுக்கத் தெரியும்."

"அப்புறம் ஏன் இத்தனை நாளா என்கிட்ட மட்டும் கைக்காசு வாங்கினீங்க?"

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, நானா கேட்டேன்? நீதானே தட்டுல போட்டே! இந்த ஆனே என்னை நம்பலைன்னு நெனச்சேன். கடன் வச்சவன் எல்லாம் நாளைக்கு என்கிட்டதான் வருவான். நீ கணக்கை முடிச்சிட்டுப் போற ஆளு. நாளைக்கு வருவியா, வேற துறைக்குப் போவியா? ஒன்னை நான் எப்படி நம்புறது?"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு என் பெட்டியில் பாதி இறால். ஒரு வருஷமாக வாயில் வராத அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொன்னேன்: "பெசோக், தவுக்கே."

மத்தியானத்துக்குள் எல்லாம் விற்றுவிட்டது. கடன் இருக்கிற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. காசை எடுத்துக்கொண்டு நேராக ஜெராமுக்கு ஓட்டினேன். துறையைக் கழுவிக்கொண்டிருந்த தவுக்கே என்னைப் பார்த்ததும் கத்தினார்: "பெசோக்னா பெசோக்! இப்ப எதுக்கு வந்தே? போ, போய்ப் பிள்ளைங்களைப் பாரு!" காசைத் தொடவே இல்லை. சட்டைப்பையில் அவர் பணத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து உங்கள் அம்மாவிடம் சிரித்துப் பேசினேன்.

அப்புறம் கொடுப்பதும் எடுப்பதுமாக வருஷங்கள் போயின. மோட்டார் ஓட்டை ஆனபோது பட்டறையில் தவணைக்கு வேறு வண்டி கேட்டேன். பட்டறைக்காரர் தவுக்கேயிடம்தான் என்னைப் பற்றி விசாரித்தார். தவுக்கே சொன்ன ஒரு வார்த்தைக்கு வண்டி கிடைத்தது, மாதா மாதம் கொடுக்கலாம் என்று. பேங்கில் என் பெயர் சரியாக அதற்கப்புறமும் வெகு காலம் ஆனது.

தவுக்கே தன் மகனோடு இருக்கப்போகிறேன் என்று துறையை விட்டபோது, பாக்கி எல்லாம் கொடுத்து முடித்தேன். "அவ்வளவுதான் ஆனே, கணக்கு தீந்துச்சு" என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு என்னவோ போல் இருந்தது. அவரைப் பார்க்கப் போக அதற்கப்புறம் எனக்கு ஒரு காரணமும் இல்லை.

இன்றைக்கு அப்பாவுக்கு யாரிடமும் ஒரு காசு கடன் கிடையாது. ஆனாலும், இவன் நாளைக்கு நிச்சயம் வருவான் என்று நம்பி ஒருவர் எனக்காகக் காத்திருந்த அந்தக் காலைகளுக்கு மனசு இன்னும் ஏங்குகிறது.